அலை அக்கா போட்ட பட்டாணி

பற்பசை டப்பாவை எடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் ஒரு பிரஷ் இருக்கும். அதன் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பற்பசை ஒரே வளைவாகப் படுத்திருக்கும். நுனி மட்டும் லேசாகத் தூக்கிச் சுருண்டு நிற்கும். அது தானாக அப்படி நிற்பதில்லை. டியூபை நாம் அமுக்கினால் வருவது ஒரு புழு. அந்த வளைவைப் போட ஒரு ஆள் வேண்டும். எங்கள் ஸ்டுடியோவில் அந்த ஆள் அலை அக்கா.

வளைவுக்கு நாங்கள் வைத்த பெயர் அலை. அதைப் போடுகிறவளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. முதலாளி முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் அலை அக்காதான். நான் அங்கே விளக்கு வைக்கிறவன். அவள் என்னை லைட்டு என்று கூப்பிடுவாள். பதினைந்து வருஷமாக ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் நின்று வேலை பார்த்திருக்கிறோம். அவள் வீட்டு விஷயம் எதுவும் எனக்குத் தெரியாமல் போனதில்லை. தெரியாமல் போக விடவும் மாட்டாள். வேலை செய்யும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் பேசுவாள்.

ஸ்டுடியோ ஒரு மரச்சாமான் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே எப்போதும் ரம்பச் சத்தம். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. நடுவில் நீளமான வெள்ளை மேஜை, அதன் மேல் ஒரு கவ்வியில் பிரஷ் அசையாமல் நிற்கும். விளக்குச் சூட்டில் பற்பசை இளகிச் சரிந்துவிடும். அதனால் அக்கா அதில் கொஞ்சம் மாவு பிசைந்து கெட்டியாக்கி, கூம்புப் பையில் அடைத்துக்கொள்வாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. அலை விழுந்துவிடும். சரியாக விழாவிட்டால் பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு மறுபடி. ஒரு நல்ல அலைக்கு ஒரு முழுக் காலைப்பொழுது போன நாளும் உண்டு. அவள் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. "இன்னைக்கு அது வருது, இல்லன்னா நான் வீட்டுக்குப் போகல" என்பாள். வந்துவிடும்.

இந்தக் கை அவளுக்கு பேக்கரியில் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு கேக்குகளுக்கு மேல் கிரீமில் பூவும் பெயரும் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கேக்கைப் படம் எடுக்கப் போன எங்கள் முதலாளி, கேக்கை விட்டுவிட்டு, அதில் பூப் போட்ட கையைப் பார்த்தார். அடுத்த வாரமே இங்கே வந்துவிட்டாள். ஐஸ்கிரீம், ஷாம்பு நுரை, முகத்துக்குப் பூசும் கிரீம் எல்லாம் போடுவாள். ஆனால் பெயர் வாங்கித் தந்தது பற்பசைதான். கம்பெனிக்காரர்கள் அந்தக் கை வேண்டும் என்று கேட்டு வருவார்கள். அக்கா அதை மறைக்க மாட்டாள். கடைக்குப் போனால் பற்பசை அடுக்கின் முன் நின்று, "இது நம்ம வேலை, இது நம்ம வேலை, இது யாரோ கைநடுங்கி" என்று பிரித்துச் சொல்லுவாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டு அடி தள்ளி நடப்பார்.

மூத்தவன் பிறந்து முதல் பல் முளைத்தபோது வீட்டில் பற்பசைக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் கம்பெனி பெட்டி பெட்டியாக அனுப்பும்; மிச்சம் அக்கா வீட்டுக்குப் போகும். குழந்தைகளுக்கான ஸ்ட்ராபெரி வாசனைப் பற்பசை குளியலறை அலமாரியில் மேல்தட்டு முழுக்க நின்றது. பையனுக்கு ஒன்றரை வயதானபோது, டப்பாவில் இருக்கிற மாதிரியே தன் பிரஷ்ஷிலும் வேண்டும் என்று கைநீட்டினான். அக்காவுக்குக் கேட்கவா வேண்டும்? காலையிலும் சாயங்காலமும் அந்தச் சின்னப் பிரஷ் நிறைய ஒரு அலை. சில நாள் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வண்ணத்தில். அதைப் படம் எடுத்து எங்களுக்கெல்லாம் அனுப்புவாள். நாங்களும் ஆகா என்போம். நானே ஒருமுறை, வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று யோசனை சொன்னேன்.

பையனுக்குத் துப்பத் தெரியாது. அந்த வயதில் எந்தக் குழந்தைக்குத் தெரியும்? வாசனையாக இருந்ததால் சப்புக்கொட்டி முழுங்குவான். சில சமயம் டியூபையே வாயில் வைத்து உறிஞ்சுவதைப் பார்த்திருக்கிறாள். பல்லுக்கு நல்லதுதானே, உள்ளே போனால் என்ன என்று விட்டுவிட்டாள். நான்கு வயது வரை அப்படியே நடந்தது.

ஏழு வயதில் பால் பற்கள் விழுந்து, மேல்வரிசையில் இரண்டு பெரிய முன்பற்கள் இறங்கின. ஒருநாள் பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து எதற்கோ சிரித்தான். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது. வெளிச்சத்தைப் பார்த்துப் பழகிய கண் அது. புதுப் பல்லின் மேல் மெல்லிய வெள்ளைக் கீற்றுகள் குறுக்கே ஓடின. மேகம் கலைந்த மாதிரி, அங்கங்கே திட்டு. முதலில் பால் ஒட்டியிருக்கிறது என்று துணியால் துடைத்தாள். போகவில்லை. ஒழுங்காகத் தேய்ப்பதில்லை என்று பையனைத் திட்டி, அன்று மட்டும் மூன்று தடவை தேய்க்க வைத்தாள். கீற்று அங்கேயே இருந்தது.

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பையனைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். இடுப்பில் சின்னவள். அவளுக்கு அப்போது ஒரு வயது. கீழே இரண்டும் மேலே இரண்டுமாகப் பல். மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறையில் இருந்த அந்தக் கிளினிக்கில் டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். அதிகம் பேசாதவர். பேசினால் நேராகப் பேசுவார். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார், பல்லைக் காற்றடித்துக் காயவைத்து மறுபடி பார்த்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்ல. பல்லு உறுதியாத்தான் இருக்கு. சொத்தையும் இல்ல. இது ஃபுளோரைடு கொஞ்சம் அதிகமா உள்ள போனதால வந்த வெள்ளை. சின்ன வயசுல பேஸ்ட்ட முழுங்குவானா?"

முழுங்குவான் என்று அக்கா ஒப்புக்கொண்டாள். ஆனால் அது மூன்று நான்கு வருஷத்துக்கு முந்திய கதை, இந்தப் பல் முளைத்தே இரண்டு மாதம்தானே ஆகிறது என்று கேட்டாள். டாக்டர் விளக்கினார். வெளியே வரும் முன்பே பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்குமாம். முன்பற்களின் மேல்பூச்சு தயாராவது ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள். அந்தச் சமயத்தில் தினமும் ஃபுளோரைடை முழுங்கிக்கொண்டே இருந்தால், அந்தப் பூச்சு இப்படி வெள்ளை ஓடித்தான் வெளியே வருமாம். வீட்டில் குடிப்பது குழாய்த் தண்ணீரா, ஆழ்குழாய்த் தண்ணீரா என்றும் விசாரித்தார். சில இடத்துத் தண்ணீரிலேயே அது அதிகம் இருக்குமாம். குழாய்த் தண்ணீர்தான் என்று தெரிந்ததும், இந்த ஊர்க் குழாயில் அது குறைவு, அதில் கவலையில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"பிரஷ்ல எவ்வளவு போடுவீங்க?"

அக்கா விரலால் காற்றில் இழுத்துக் காட்டினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நுனியில் ஒரு சுருட்டு.

"அவ்வளவா? அவ்வளவு போடணும்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

டாக்டரின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. கரடி உருவத்தில் பிடி வைத்த சின்னப் பிரஷ், அதன் மேல் ஸ்ட்ராபெரி வண்ணத்தில் பெரிய அலை. அக்கா அதைக் கைகாட்டினாள். டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"அதப் போட்டது நான்தாங்க" என்றாள் அக்கா.

அவர் இவளைப் பார்த்தார், போஸ்டரைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் வந்து ஒட்டிவிட்டுப் போனதாம். இத்தனை மாதமாக அது தன் தலைக்குப் பின்னால் இருப்பதையே தான் கவனித்ததில்லை என்றார். எழுந்து போய் நான்கு மூலையிலும் நகத்தால் கீறி அதை உரித்துச் சுருட்டிக் கையில் கொடுத்தார். பிறகு, மூன்று வயது வரை எவ்வளவு போட வேண்டும், அதற்குமேல் எவ்வளவு என்றும் சொன்னார். சொன்னார் என்பது அக்காவுக்கு நினைவிருக்கிறது. என்ன சொன்னார் என்பதுதான் நினைவில்லை. காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: அதிகம்.

அலை அக்கா எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. அன்று சாயங்காலமே அலமாரி மேல்தட்டைக் காலி செய்தாள். ஒன்றைத் தவிர டியூபுகள் எல்லாம் ஒரு சாக்கில் ஏறி வெளியே போயின. பையனுக்கு மட்டும் ஒரு துளி. சின்னவளுக்கு அதுவும் கிடையாது. வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷ். பிறகு அவளுக்கென்று ஃபுளோரைடே இல்லாத ஒரு பற்பசையைத் தேடிப் பிடித்து வாங்கினாள். கணவரின் அக்கா, அதாவது அவள் நாத்தனார், இதைக் கேட்டு மிகவும் மெச்சிக்கொண்டாள். அந்த அம்மாள் போனில் வருகிற எச்சரிக்கைகளையெல்லாம் ஒன்று விடாமல் எல்லோருக்கும் தள்ளிவிடுகிறவள். ஃபுளோரைடைப் பற்றி அவளிடம் ஒரு மூட்டை இருந்தது. நாத்தனாரும் தம்பி மனைவியும் அதற்கு முன் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை.

கணவர் ஒரே ஒருமுறை கேட்டாராம்.

"டாக்டர் கம்மியா போடச் சொன்னாங்களா, போடவே வேணாம்னு சொன்னாங்களா?"

"கம்மியில எது நல்ல கம்மி? இல்லாததுதான்" என்றாள் அக்கா. அவர் சாப்பிடப் போய்விட்டார்.

ஏறக்குறைய மூன்று வருஷம் இப்படி ஓடியது. சின்னவளின் பால் பற்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசை கட்டின. அக்கா அடிக்கடி அவளை ஜன்னல் பக்கம் நிறுத்திச் சிரிக்கச் சொல்லிப் பார்ப்பாள். கீற்று எதுவும் இல்லை. பால் பல்லில் அது அப்படித் தெரியாது என்பது அவளுக்கு அப்போது தெரியாது. எங்களிடம் வந்து பெருமையாகச் சொல்லுவாள். ஸ்டுடியோவில் அதே கையால் அலையும் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். அது வேலை, இது வீடு என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பியிருந்தாள்.

சின்னவளுக்கு நான்கு வயது ஆகப் போகிற சமயம். ஒரு பிறந்தநாள் விழாவில் ஐஸ்கிரீமை வாயில் வைத்தவள் வீலென்று கத்தினாள். வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அடம். கணவர் லிஃப்ட் குழிக்குள் அடிக்கிற டார்ச்சைக் கொண்டுவந்தார். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே பார்த்தார்கள். கீழே கடைவாய்ப் பல்லில் பழுப்பாக ஒரு குழி. மேலே இன்னொன்றில் அதன் ஆரம்பம்.

மறுபடி அதே கிளினிக். சுவரில் அந்தப் போஸ்டர் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. டாக்டர் குழியைப் பார்த்தார். ராத்திரி பால் பாட்டிலோடு தூங்குகிற பழக்கம் எத்தனை வயது வரை இருந்தது என்று கேட்டார். பிறகு எந்தப் பற்பசை என்று கேட்டார். அக்கா பெயரைச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பாட்டில் ஒரு காரணம். இது இன்னொண்ணு" என்றார் டாக்டர். "ஃபுளோரைடு இல்லாம பல்லு தனியா நின்னு சண்டை போடுது. பெரியவனுக்கு நெறைய போட்டீங்க. இவளுக்கு ஒண்ணுமே போடல. நடுவுல ஒரு அளவு இருக்குல்ல?"

"அதச் சொல்லுங்க. இந்தத் தடவ சரியா கேட்டுக்கறேன்" என்றாள் அக்கா.

குழியை அடைத்து முடித்ததும் டாக்டர் ஒரு டியூபை எடுத்தார். வாயால் சொல்லாமல் தட்டில் வைத்துக் காட்டினார். முதல் பல் முளைத்ததிலிருந்து மூன்று வயது வரை, பிரஷ்ஷின் மேல் ஓர் அரிசி அளவுக்கு ஒரு தீற்றல். மூன்றிலிருந்து ஆறு வரை, ஒரு பட்டாணி அளவு. காலையில் ஒரு தடவை, படுக்கப் போகும்முன் ஒரு தடவை. பிரஷ்ஷில் வைப்பது பெரியவர்கள் கையாகத்தான் இருக்க வேண்டும். டியூப் குழந்தைக்கு எட்டக்கூடாது. தேய்த்ததும் துப்ப வேண்டும், ஆனால் உடனே தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொப்பளிக்கக் கூடாது. பல்லில் கொஞ்சம் தங்கட்டும். டியூபின் பின்னால் ஃபுளோரைடு எவ்வளவு என்று எண் போட்டிருக்கும், இந்த வயதுக்கு ஆயிரம் என்று இருந்தால் போதும்.

அக்கா தட்டின் மேல் குனிந்து அந்த இரண்டு துளிகளையும் வெகுநேரம் பார்த்தாள். டாக்டரின் பட்டாணி கொஞ்சம் சப்பையாக இருந்ததாம். டியூபை வாங்கி, பக்கத்தில் தானே ஒன்று வைத்தாள். உருண்டையாக, கச்சிதமாக. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, தன் கிளினிக்குக்கு வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டாராம். இதை எங்களிடம் சொன்னபோது அக்காவின் முகத்தில் பழைய களை வந்திருந்தது.

நாத்தனாரிடமும் போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. போனில் ஏதோ தேடிக் காட்டினாள். அக்கா சண்டை போடவில்லை. சின்னவளின் வாயைத் திறந்து அடைத்த பல்லைக் காட்டினாள். "இத நீங்களும் நானும் சேந்து பண்ணினோம் அண்ணி" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பல்லைப் பற்றி மட்டும் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. முடியைப் பற்றி வந்தது.

சில மாதம் கழித்துத்தான் அந்தப் படப்பிடிப்பு வந்தது. ஒரு கம்பெனி ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்று புதுப் பற்பசை கொண்டுவருகிறது. டப்பாவின் முகப்புக்குப் படம் வேண்டும். விளம்பரப் பிரிவின் மேனேஜரே நேரில் வந்திருந்தார். அக்கா வயதுதான் இருக்கும், சுறுசுறுப்பான பெண். கையில் ஒரு வரைபடம். அதில் நீலமும் மஞ்சளுமாக ஒரு அலை, பிரஷ்ஷை விட்டு இரண்டு பக்கமும் வழிகிற மாதிரி.

அக்கா வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள். பையைக் கையில் எடுக்கவில்லை.

"இத நான் போட மாட்டேங்க. சின்னப் புள்ளைங்க பிரஷ்ல பட்டாணி அளவுதான் போடணும். வேணும்னா அதப் போட்டுத் தர்றேன்."

முதலாளி கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை வெளியே நீட்டினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் ஒரு விளக்கை அணைத்து மறுபடி போட்டேன். செய்வதற்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மேனேஜர் கோபப்படவில்லை. பட்டாணி அளவு வைத்தால் டப்பாவில் ஒரு காலிப் பிரஷ்தான் தெரியும், வாங்குகிறவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா என்று நிதானமாகக் கேட்டார். நியாயமான கேள்விதான். அக்கா மேஜையில் கிடந்த மாதிரி டப்பாவை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். பொடி எழுத்தில், ஆறு வயதுக்கு உட்பட்டோர் பட்டாணி அளவு பயன்படுத்தவும் என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள்.

"பின்னாடி நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. முன்னாடி நான் வேற போடறேன். அம்மாமாருங்க எதப் பாத்துப் போடுவாங்க? நான் இத்தன வருஷம் இந்த வேலையில இருந்தும் முன்னாடி இருந்ததப் பாத்துத்தான் போட்டேன்."

பிறகு பெரியவனின் பல்லையும் சின்னவளின் பல்லையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாள். இரக்கம் வேண்டிச் சொல்லவில்லை. தொழில் தெரிந்த ஒருவர் இன்னொருவரிடம் பழுது எங்கே என்று சொல்வது போலச் சொன்னாள். மேனேஜர் கொஞ்ச நேரம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி. போட்டுக் காட்டுங்க. நல்லா வந்தா நான் மேல பேசறேன். வரலன்னா அலைதான்."

"வரும்" என்றாள் அக்கா.

வரவில்லை. அலை போட்டுப் பழகிய கைக்கு இது புதிது. முதல் துளி பிரஷ்ஷின் நடுவில் உட்கார்ந்தது. திரையில் பார்த்தால், பறந்துபோன காக்கை ஒன்று விட்டுச் சென்றது போலவே இருந்தது. முதலாளி அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டார். இரண்டாவதைக் கொஞ்சம் கூர்மையாக்கினாள். முகப்பரு மாதிரி ஆனது. மூன்றாவது விளக்குச் சூட்டில் மெல்லச் சாய்ந்து பிரஷ் மயிருக்குள் இறங்கிக் காணாமல் போனது. மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அக்கா என்னை விளக்கைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னாள், பிறகு கீழே, பிறகு இன்னும் கீழே. நான் தரையில் படுத்தே விட்டேன். கேமராவும் இறங்கி பிரஷ்ஷின் மட்டத்துக்கு வந்தது. அந்த மட்டத்திலிருந்து பார்த்தால் பிரஷ் மயிர் ஒவ்வொன்றும் கண்ணாடிக் கம்பி மாதிரி நின்றது. துளியை நடுவில் வைக்காமல் நுனிப் பக்கம் நகர்த்தி, அடியை மட்டும் மயிருக்குள் லேசாக அமுக்கினாள். இப்போது அது உட்கார்ந்தது. பின்னாலிருந்து வந்த வெளிச்சம் அதன் ஓரத்தில் ஒரு கோடு போட்டது.

"அழகா இருக்கு" என்றார் மேனேஜர். "ஆனா எவ்வளவு பெருசுன்னு தெரியல. பக்கத்துல நெஜமாவே ஒரு பட்டாணி வச்சா?"

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவை. முதலாளியே இறங்கிப்போய் உறைந்த பட்டாணிப் பாக்கெட் ஒன்று வாங்கிவந்தார். அது வேறு தொல்லை. விளக்குக்குக் கீழே நான்கு நிமிஷத்தில் பட்டாணி சுருங்கிக் கிழடு தட்டிவிடும். மேனேஜர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கிண்ணத்திலிருந்து நல்லதாகப் பொறுக்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பச்சைப் பட்டாணி ஒன்று, அதன் பக்கத்தில் பிரஷ், அதன் மேல் அதே அளவில் ஒரு வெள்ளைத் துளி. படத்தைப் பார்த்த யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. படியேறி வந்த காவலாளி திரையைப் பார்த்துவிட்டு, "ஓ, இவ்வளவுதான் போடணுமா" என்றார். அக்காவுக்கு அதுவே போதும் என்றாகிவிட்டது.

கம்பெனியிலிருந்து பதில் வர இரண்டு வாரம் ஆனது. படம் பிடித்திருக்கிறது, ஆனால் துளியையும் பட்டாணியையும் இன்னும் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அக்கா போனை முதலாளி கையிலிருந்து வாங்கினாள். "பட்டாணி எவ்வளவோ அவ்வளவுதாங்க. அதவிடப் பெருசா வேணும்னா அது எலுமிச்சம்பழம்" என்றாள். மறுமுனையில் மேனேஜர் சிரித்தது எனக்கே கேட்டது. படம் அப்படியே அச்சேறியது. டப்பா கடைக்கு வந்த அன்று அக்கா குடும்பத்தோடு போய்ப் பார்த்தாள். கணவர் அன்று தள்ளி நடக்கவில்லை என்பது அவள் வாக்குமூலம்.

எல்லாக் கம்பெனியும் அப்படி இருந்துவிடவில்லை. குழந்தைப் பற்பசைக்கு அலைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்ற ஒரு கம்பெனி வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டது. முதலாளி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அக்கா அசையவில்லை. பெரியவர்கள் பற்பசைக்கு அலை போட அவளுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பெரியவர்களுக்குத் துப்பத் தெரியும் என்பாள். குழந்தை டப்பாவென்றால் பட்டாணிதான். அதைச் சொல்லிவிட்டுத்தான் இப்போதெல்லாம் பையைத் தொடுவாள்.

சின்னவளுக்கு இப்போது ஏழு வயது. போன மாதம் மேல் முன்பற்கள் இறங்கின. ஓரம் ரம்பம் மாதிரி, நடுவில் சந்து. அடைத்த கடைவாய்ப் பல் இன்னும் கெட்டியாக நிற்கிறது. புதிதாகக் குழி எதுவும் விழவில்லை. வழக்கமான பரிசோதனைக்கு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போனபோது, டாக்டர் மூத்தவனிடம் பேசினார். அவனுக்குப் பதிமூன்று வயது. மீசை வருகிறதா என்று கண்ணாடியில் தேடுகிற பருவம். விருப்பமென்றால் அந்த வெள்ளைக் கீற்றை லேசாகத் தேய்த்து, மேலே பூச்சுக் கொடுத்து மங்க வைக்கலாம், வலிக்காது, அவசரமும் இல்லை என்றார். அக்கா அவனுக்கு முன்னால் வாயைத் திறந்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"வேணாம் டாக்டர். என் பல்லு நல்லாத்தான் இருக்கு. அம்மாவுக்குத்தான் எதப் பாத்தாலும் லைட்டு போட்டுப் பாக்கற வியாதி."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா சரி என்று தலையாட்டினாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவன் தங்கையோடு சேர்ந்து, அந்த வியாதிக்கு என்ன மருந்து என்று பட்டியல் போட்டுக்கொண்டே வந்தானாம்.

மறுநாள் காலை ஸ்டுடியோவில் ஷாம்பு நுரை. நுரை என்றால் பொல்லாதது. வைத்த நிமிஷமே குமிழ் உடைய ஆரம்பிக்கும். அக்கா கையைக் கழுவி, துடைத்து, நுரை உடையாமல் நிற்பதற்காக முட்டையின் வெள்ளைக் கருவை ஒரு கிண்ணத்தில் அடித்துக்கொண்டே இதையெல்லாம் எனக்குச் சொல்லி முடித்தாள். பிறகு பேச்சை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேஜை மேல் குனிந்தாள். நான் விளக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன்.